இறுகாத மெழுகு

லாரி ஓட்டப் போனவன் வெளியூரில் எதன்மேல் சாய்ந்தாலும், அது வீட்டில் அவன் மனைவி வைத்திருந்த செம்புத் தகட்டில் பதிந்துவிடும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது தெரிந்திருக்கிற மாதிரி அந்தத் தெருவில் இதுவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புதிதாகக் குடிவருகிறவர்கள் கேள்விப்பட்டதும் கொஞ்சம் வாயைப் பிளப்பார்கள். பிறகு கூரை ஒழுகுவது, எதிர்வீட்டு நாய் குரைப்பது என்று அவரவர் கவலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

மனைவியைத் தெரு மெழுகக்கா என்று கூப்பிட்டது. தன்னைவிட மூத்தவர்களுக்கும் அவள் மெழுகக்காதான். எந்நேரமும் அவள் மேல் தேன்மெழுகு வாடை அடிக்கும். வீட்டின் முன்னறைதான் அவளுடைய பட்டறை. ஜன்னலோரம் அடுப்பு, நடுவில் பெரிய சக்கரம் வைத்த அச்சு எந்திரம், சுவரை ஒட்டி ஆசிட் தட்டு, மூலையில் கதவு இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும் ஒரு மர அலமாரி. கணவனைத் தெரு 'வந்துட்டேன்' என்று கூப்பிட்டது. போனில் யார் எங்கே இருக்கிறாய் என்று கேட்டாலும் அவன் சொல்கிற பதில் அது ஒன்றுதான். மூன்று மாநிலம் தள்ளி நின்றுகொண்டிருப்பான். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பான். வந்துட்டேன் வந்துட்டானா என்று தெருவில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள், யாரும் சிரிப்பதுகூட இல்லை. மாடியில் அவனுடைய அக்கா இருந்தாள். மெழுகக்காவுக்கு நாத்தனார். துணிக்கடையில் திரைச்சீலைப் பகுதியில் வேலை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இது எந்தத் துணி, எத்தனை தடவை துவைத்தது என்று சொல்லிவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

மெழுகக்கா செய்த வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். செம்புத் தகட்டின் ஓரங்களைச் சரிவாக அராவி, முகத்தைச் சாக்பீஸ் பொடி போட்டுத் தேய்ப்பாள். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக ஓடாமல் போர்வை மாதிரி மூடி நிற்க வேண்டும், அப்போதுதான் எண்ணெய்ப் பசை போயிற்று என்று அர்த்தம். பிறகு தகட்டைச் சூடாக்கி, தேன்மெழுகும் தாரும் சேர்த்துக் காய்ச்சிய உருண்டையை அதன்மேல் உருகவிட்டு, ரோலரால் பரத்துவாள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆறியதும் இறுகிவிடும், ஊசியால் கீறித்தான் படம் வரைய வேண்டும். மற்றது, காய்ச்சும்போதே கொழுப்பும் கலந்தது. அது எவ்வளவு ஆறினாலும் இறுகாது. விரல் பட்டால் ரேகை, ஈ உட்கார்ந்தால் ஈயின் கால். அதன்மேல் ஒரு சருகையோ வலைத்துணியையோ வைத்து எந்திரத்தில் கொடுத்து எடுத்தால், அழுந்திய இடத்து மெழுகு அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அடியில் செம்பு தெரியும். தகட்டை ஆசிட்டில் போட்டால் தெரிகிற செம்பை மட்டும் அது அரிக்கும். மெழுகைத் துடைத்துவிட்டு, அரித்த பள்ளங்களில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து மறுபடி எந்திரத்தில் கொடுத்தால் சருகு நரம்போடும் ஓட்டையோடும் காகிதத்தில் வந்து உட்காரும். இப்படித் தகட்டை அரித்து அச்சடிக்கிற எட்சிங்கில் எத்தனையோ முறைகள் இருக்கின்றன. மெழுகக்காவுக்கு இந்த இறுகாத மெழுகுதான் பிடிக்கும். மற்றதெல்லாம் நாம் சொன்னால் கேட்கும், இது தானே கேட்டுக்கொள்ளும் என்பாள்.

முதன்முதலில் நடந்தது கல்யாணமான மறு வருஷம். மெழுகு பூசிய தகடு ஒன்றை வேலை முடிக்காமல் அலமாரியில் வைத்துச் சாத்தியிருந்தாள். காலையில் திறந்தபோது அதன் குறுக்கே ஒரு கயிறு பதிந்திருந்தது. தடித்த முறுக்குக் கயிறு, புரி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. முதலில் பூனையைத் திட்டினாள், பிறகு யோசித்து நாத்தனாரைத் திட்டினாள். அலமாரியை மோப்பம் பிடிக்க எனக்கு வேறு வேலை இல்லையா என்று நாத்தனார் இரண்டு நாள் பேசவில்லை. லாரிக்காரன் ஊர் திரும்பி, குளிக்கச் சட்டையைக் கழற்றியபோது தோளில் ஒரு சிவப்புத் தழும்பு இருந்தது. இடுப்பு வலி வந்ததிலிருந்து மூட்டை தூக்குவதில்லை என்று அவன் சத்தியம் செய்திருந்தான்.

"மூட்டை தூக்கினீங்களா?"

"யாரு, நானா? ஆள் வெச்சுத்தான் இறக்கினேன்."

மெழுகக்கா தகட்டைக் கொண்டுவந்து அவன் தோளுக்குப் பக்கத்தில் பிடித்தாள். புரிக்குப் புரி ஒத்துப்போயிற்று. அவன் தகட்டைப் பார்த்தான், கழுத்தை ஒடித்துத் தோளைப் பார்த்தான், முக்காலியில் உட்கார்ந்தான்.

"ஒரு ஆள் அன்னிக்கு வரல" என்றான்.

கதவோரம் நின்றிருந்த நாத்தனார், "பொய் சொல்றவனுக்கு எங்கெங்க சாட்சி வெக்கிறான் பாரு கடவுள்" என்று சொல்லிவிட்டு, மெழுகக்காவோடு பேச ஆரம்பித்தாள்.

கொஞ்ச நாள் அவன் முறுக்கிக்கொண்டு திரிந்தான். வீட்டில் பெண்டாட்டியா இருக்கிறாள், போலீஸ் ஸ்டேஷன் அல்லவா இருக்கிறது என்று கிளீனரிடம் புலம்பினான். தகட்டில் எதுவும் விழக்கூடாது என்று எதன்மேலும் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்து வண்டி ஓட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அந்தத் தடவை கழுத்தில் ஒட்டிய மருந்துப் பட்டையின் நெசவு அழகாக விழுந்திருந்தது. மெழுகக்கா அவன் வருவதற்குள் வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். அவன் உரல் மாதிரி வந்து இறங்கினான், வெந்நீரைப் பார்த்தான், சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு கோபம் விளையாட்டாக மாறியது.

ஒரு நாள் அலமாரியைத் திறந்தால் தகடு நிறையப் பெரணி இலை. காட்டுப் பாதையில் வண்டியை நிறுத்தி, இலையைப் பறித்துக் கன்னத்தில் வைத்து, லாரியின் கதவோடு முகத்தை அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறான். கிளீனர் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு தேடினானாம். அடுத்து மீன்வலை வந்தது. பிரம்பு நாற்காலி, மரப்பட்டை, கோழி இறகு, ரயில்வே கேட்டின் கம்பி வலை. ஏதோ ஒரு ஊரில் ஒரு நாயைக் கெஞ்சி அதன் காலைத் தன் நெஞ்சில் வைக்கச் செய்திருந்தான், கால் மட்டும் இல்லாமல் நகமும் விழுந்திருந்தது. மழை பதியாது, ஆலங்கட்டி பதியும். அந்தத் தகடு அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. மெழுகக்கா ஒவ்வொன்றையும் ஆசிட்டில் அரித்து அச்சடித்தாள். எதைக் கறுப்பாக விடுவது, எதை வார்னிஷ் பூசி மறைப்பது, எந்த மூலையில் பென்சிலால் நாலு கோடு சேர்ப்பது என்பது அவள் பாடு. பொறுக்கிக் கொடுப்பது அவன் பாடு. நகரத்து ஓவியக்கூடம் ஒன்றில் அந்தப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் தலையைச் சாய்த்து நின்றபோது, அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மரப்பட்டையைக் காட்டி, "அது கொஞ்சம் குத்திச்சு" என்று சொல்லி வைத்தான்.

பூசிய மெழுகில் உடனே வேலை செய்தால் ஒன்றும் ஆகாது. இருட்டில் சும்மா விட்டால்தான் விழும், அதுவும் இறுகாத மெழுகில் மட்டும்தான். அவன் தோலில் எது அழுந்துகிறதோ அது தகட்டில் அழுந்தும். விவரம் அவ்வளவே, அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. போனில் ஒரு ஊரும் தகட்டில் வேறு ஊருமாகக் காலம் போயிற்று. அவன் போனில் பொய் சொல்வதை நிறுத்தவும் இல்லை, அவள் அதைக் கேட்டுக்கொள்வதை நிறுத்தவும் இல்லை. அவளைக் கவலைப்பட வைக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவன் தூரத்தைக் குறைத்துச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். சில சமயம் ஸ்டியரிங் உறையின் தையல் மட்டும் ஒரு வளைவாக விழும். நெற்றியை ஸ்டியரிங்கில் கவிழ்த்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அந்த வளைவு விழுந்த நாட்களில் எங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பாள், போனைக் கொஞ்சம் கூடுதல் நேரம் காதிலேயே வைத்திருப்பாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றித் தெரு பேசுகிற அளவுக்குப் பேசி ஓய்ந்தது. அவர்கள் பேசி ஓய்ந்தது அதற்கு முன்பே.

ஒரு மழைக்காலத்தில் எந்திரச் சாமான் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனான். கிளீனர் தங்கை கல்யாணம் என்று லீவு, தனியாகத்தான் போனான். சாயங்காலம் போனில் "வந்துட்டேன்" என்றான், பின்னால் மழைச் சத்தம் கேட்டது. மறுநாள் காலை அலமாரியைத் திறந்த மெழுகக்கா திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றாள். தகட்டில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை அகலமான ஒரு பட்டை. சீட்டுப் பெல்ட்டின் நெசவு. வழக்கமாக மெழுகு நூல் நூலாக எடுபட்டிருக்கும், இது அப்படியே வழித்தெடுத்த மாதிரி இருந்தது. அடிச்செம்பு பளீரென்று மின்னியது. அவ்வளவு பலமாக எதுவும் அதுவரை விழுந்ததில்லை. போன் போட்டாள், அணைந்திருந்தது. லாரி முதலாளிக்குப் போட்டாள். மலையில் சிக்னல் இருக்காதும்மா, இறங்கினதும் அவனே கூப்பிடுவான் என்றார் அவர். மத்தியானம் அவரே திரும்பக் கூப்பிட்டு, வண்டி இன்னும் போய்ச் சேரவில்லை என்றார். குரல் இறங்கியிருந்தது.

அடுத்து வந்த காலைகளில் தகடு வெறுமையாக இருந்தது. அதுதான் பெரிய கொடுமை. மெழுகக்கா ஒவ்வொரு நாளும் பழைய பூச்சைத் துடைத்து, சாக்பீஸ் பொடி போட்டுத் தேய்த்து, புதிதாக மெழுகு பரத்தி உள்ளே வைத்தாள். ஒவ்வொரு நாளும் பூசியது பூசியபடியே வழவழவென்று இருந்தது. ஒரு மனிதன் எங்கே கிடந்தாலும் அடியில் ஏதாவது இருக்க வேண்டும். புல்லாவது, கல்லாவது. மலைச்சரிவில் தேடியவர்கள் லாரி உருண்ட தடத்தைக் கண்டுபிடித்தார்கள். லாரி ஆழத்தில் கிடந்தது, அதில் ஆள் இல்லை. கீழே ஓடை கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓடையைப் பற்றி முதலாளி சொன்னபோது நாத்தனார் போனைப் பிடுங்கி, "அதெல்லாம் அவனுக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நீச்சல் தெரியாது. அது மெழுகக்காவுக்கும் தெரியும். அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து எதையோ பேசிவிட்டுப் போனார்கள். யாரும் அலமாரிப் பக்கம் பார்க்கவில்லை. நாத்தனார் கடைக்கு லீவு போட்டுவிட்டு முன்னறையிலேயே பாய் விரித்தாள். இரண்டு பேரில் ஒருவர் சாப்பிட வேண்டும் என்பதற்காக மற்றவர் சாப்பிட்டார்.

பிறகு ஒரு காலை தகட்டில் ஏதோ விழுந்திருந்தது. கோடுகள் மிக மெல்லியவை, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, குறுக்கும் நெடுக்குமாக. மெழுகக்கா அதைத் தூக்கிக்கொண்டுபோய் நாத்தனாரை எழுப்பினாள். நாத்தனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"சட்டைத் துணி இல்ல. போர்வையும் இல்ல. இவ்ளோ இடைவெளி விட்டு எவனும் நெய்ய மாட்டான். விலைக்கே போகாது."

"அப்ப என்ன அண்ணி?"

"காயத்துக்குக் கட்டற துணி." தகட்டைக் கவனமாகக் கீழே வைத்தாள். "கட்டிருக்காங்க. செத்தவனுக்கு யாரும்மா கட்டு போடுவா?"

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துகொண்டு அழுதார்கள். அழுது முடித்து, டீ போட்டுக் குடித்து, போனை எடுத்தார்கள். அவன் போன வழியில் இருந்த ஆஸ்பத்திரி ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள். அப்படி யாரும் இல்லை என்றார்கள். சில இடத்தில் அன்பாகச் சொன்னார்கள், சில இடத்தில் வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்கிற மாதிரி சொன்னார்கள். மறுநாள் தகட்டில் தலையணை உறையின் நெசவு விழுந்தது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் மேடாக ஏதோ தையல். அதற்கு மறுநாளும் அதே நெசவு, அதே மூலை, தையல் இன்னும் கொஞ்சம் ஆழமாக. அதற்கடுத்த நாள் அதைவிட ஆழமாக. பார்த்துக்கொண்டே இருந்த மெழுகக்கா மெதுவாகச் சொன்னாள்.

"தூக்கத்துல பொரண்டா ஒரே இடம் இப்படித் திரும்பத் திரும்ப விழாது அண்ணி. வேணும்னே வெக்கிறார்."

"எதுக்கு?"

"எழுத்து இருக்கு. படிக்கச் சொல்றார்."

மெழுகின் பழுப்பில் அந்தத் தையலைப் படிக்க முடியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நூலும் நூலும் கலந்துபோயின, போதாததற்கு எழுத்துகள் வேறு திரும்பியிருந்தன. அரித்து அச்சடித்தால்தான் தெரியும். தகட்டின் முதுகுக்கு வார்னிஷ் பூசிக் காயவிட்டு, மெழுகக்கா அதை ஆசிட்டில் இறக்கினாள். தெரிகிற செம்பின்மேல் சின்னச் சின்னக் குமிழ்கள் எழும்பின. அவற்றை இறகால் ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். சீக்கிரம் எடுத்தால் பள்ளம் போதாது, மை நிற்காது. அதிகம் விட்டால் அந்த மெல்லிய நெசவு இடிந்து எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். எத்தனையோ சருகுகளை அப்படி இழந்திருக்கிறாள், அதற்காக வருத்தப்பட்டதில்லை. இன்னொரு சருகு கிடைக்கும்.

"எடுத்துடேன்" என்றாள் நாத்தனார்.

"இன்னும் கொஞ்சம்."

"கரைஞ்சு போச்சுன்னா?"

"கரையாது அண்ணி. எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியவில்லை. இறகு தவறிவிடாமல் இருக்கத் தட்டின் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள், திறந்துகொண்டு கழுவினாள். மண்ணெண்ணெயில் மெழுகைத் துடைத்து, மையைத் தேய்த்து நிரப்பி, கஞ்சி போட்ட வலைத்துணியால் வழித்து, கடைசி மினுக்கத்தை உள்ளங்கையாலேயே துடைத்தாள். ஊறவைத்த காகிதத்தை ஒற்றி எடுத்துத் தகட்டின்மேல் பரப்பி, கம்பளிகளை மூடி, இரண்டு பெண்களும் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றினார்கள். காகிதத்தை ஓரத்தைப் பிடித்து உரித்தபோது உறையின் நெசவு உழுத நிலம் மாதிரி எழுந்து வந்தது. மூலையில் நூலால் தைத்த எழுத்துகள், இப்போது நேராக. ஆஸ்பத்திரியின் பெயர் பாதிதான் விழுந்திருந்தது, அதற்குக் கீழே ஊரின் பெயர் முழுசாக இருந்தது. அவன் போன வழியிலேயே இல்லாத ஊர், மலைக்கு அந்தப் பக்கம். மை காயாத காகிதத்தை நாத்தனார் நெஞ்சோடு அணைத்துக்கொண்டதில் அவள் சட்டையிலும் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதைத் தேய்த்துப் போக்க அவள் கடைசிவரை முயற்சி செய்யவில்லை.

லாரி முதலாளி தன் காரையே அனுப்பிவைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நர்ஸ் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நாத்தனார் தன் தம்பியின் உயரம், நிறம், காதோர மச்சம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் நர்ஸ் தலையை ஆட்டினாள்.

"பேர் தெரியாதவர் ஒருத்தர் இருக்கார். ஓடைல அடிச்சிட்டு வந்து, மாடு மேய்க்கிறவங்க கொண்டுவந்து சேர்த்தாங்க. தாடைய இறுக்கிக் கட்டிருக்கு, பேச முடியாது. ரெண்டு கைக்கும் மாவுக்கட்டு, எழுதிக் காட்டவும் முடியாது. ரொம்ப நாள் நினைவே இல்ல. நினைவு வந்ததுலேர்ந்து ஒரே அடம்."

"என்ன அடம்?"

"தலையணைதான். எத்தனை தடவ சரியா வெச்சாலும், தையல் இருக்கிற மூலைலதான் கன்னத்த வெச்சு அழுத்திட்டுப் படுக்கிறார். குத்துமேன்னு சொன்னா முறைக்கிறார்."

நினைவு இல்லாதவனுக்கு எதுவும் உறைக்காது, உறைக்காதது தகட்டிலும் விழாது. வெறும் தகடுகளுக்கு அர்த்தம் இதுதான் என்று மெழுகக்காவுக்கு அந்த வராந்தாவில் வைத்துத்தான் புரிந்தது. வார்டின் கடைசிக் கட்டிலில் அவன் ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தான். இளைத்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டும் தலையை எடுக்கவில்லை, இன்னொரு நர்ஸ் தலையணையைத் திருப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். மெழுகக்கா குனிந்து அவன் தலையை இரண்டு கையாலும் தூக்கினாள். கன்னம் புண்ணாகியிருந்தது. புண்ணுக்கு நடுவே ஊரின் பெயர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிப் பதிந்திருந்தது, அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"போதும்" என்றாள். தலையணையைத் திருப்பிப் போட்டு, தையல் இல்லாத பக்கத்தைத் தட்டிச் சரிசெய்தாள். "படிச்சாச்சு. இனிமே நல்ல பக்கத்துல படுங்க."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே படுத்தான். கண்ணீர் தாடைக் கட்டுக்குள் இறங்கியது. நாத்தனார் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "வந்துட்டேன் வந்துட்டேன்னு சொன்னியே, இதாடா நீ வர்ற லட்சணம்?" என்று ஆரம்பித்தாள். அவன் மூக்கால் சிரித்தான், சிரித்ததில் வலித்தது, வலித்ததில் மறுபடி சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து தாடை சேர்ந்தது, கைகளும் சேர்ந்தன. முதுகு மட்டும் முழுசாகச் சேரவில்லை. லாரி இனி கிடையாது என்று டாக்டர் சொன்னார். அவன் சரி என்று சொல்லிவிட்டு, வீடு வந்து சேரும்வரை ஜன்னல் வழியே எதிரே வருகிற லாரிகளை எண்ணாமல் பார்த்துக்கொண்டு வந்தான். முன்னறையில் ஜன்னலோரம் அவனுக்கு ஒரு பிரம்பு நாற்காலி போட்டார்கள். மெழுகு காய்ச்சிக் கொடுத்தான், காகிதம் ஊறவைத்தான், டீ போட்டான், டீ நன்றாகவே போட்டான். ஆனாலும் தகட்டில் மாதக்கணக்கில் அந்தப் பிரம்பு நாற்காலிதான் விழுந்தது. மெழுகக்கா அதிலும் ஒரு படம் அச்சடித்தாள். ஓவியக்கூடத்தார் அதை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

"இனிமே உனக்கு என்கிட்டேர்ந்து என்ன கிடைக்கும்? நாற்காலிதான்" என்றான் அவன் ஒரு நாள். வேடிக்கையாகத்தான் சொன்னான், குரல் வேடிக்கையாக இல்லை.

"நாற்காலிக்கு என்ன குறைச்சல்?" என்றாள் மெழுகக்கா. இலை வேண்டுமானால் தோட்டத்தில் பறித்து வைத்துக்கொள்ளலாம். அவன் எங்கோ நின்று, அவளை நினைத்து, வண்டியை நிறுத்திப் பறித்த இலையைத் தோட்டத்தில் எங்கே பறிப்பது?

டாக்டர் ஒரு தைலம் எழுதிக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் முதுகில் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். மெழுகக்கா தகட்டில் மையை வழிக்கிற அதே வேகத்தில் தேய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். அப்படி ஒரு காலை தேய்த்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தாள். தகட்டின் நடுவே ஒரு கை பதிந்திருந்தது. முழுக் கை, விரல் விரித்து, ரேகையெல்லாம் தெரிய. அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மாடியைப் பார்த்துக் கத்தினாள். நாத்தனார் இறங்கி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தகட்டை வெளிச்சத்தில் சாய்த்தாள்.

"என் கை இவ்ளோ பெருசா? சுண்டு விரல் ஓரத்துல பாரு, ஆசிட் பட்டுப் பொசுங்கின தோல். இது உன் கை."

"நான் தொடவே இல்ல அண்ணி. இப்பதான் கதவையே திறக்கறேன்."

"தகட்டத் தொடல" என்றாள் நாத்தனார். "என் தம்பியத் தொட்ட."

மெழுகக்கா தகட்டை வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவன் தோலில் பட்ட கயிறு, வலை, மரம், நாய்க்கால் எல்லாவற்றையும் அவள் பார்த்திருக்கிறாள். தன் கை அவனுக்கு எப்படிப் படும் என்று யோசித்ததே இல்லை. உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. கட்டைவிரலின் அடியில் வெடிப்பு. அழகான கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாற்காலியில் இருந்தவன் என்ன என்று எட்டிப் பார்த்தான். அவள் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான், ஒரு விரலை மட்டும் தகட்டுக்கு மேலே, மெழுகில் படாமல், ஓட்டிப் பார்த்தான்.

"நல்லா விழுந்திருக்கு" என்றான்.

"இவ்ளோ ஆழமாவா தேய்க்கறேன்? வலிச்சா சொல்லக்கூடாதா?"

"வலிக்கவே இல்ல. சுகமாத்தான் இருந்தது."

"உங்களைக் கேட்டு என்ன பிரயோஜனம்" என்றாள் மெழுகக்கா. தகட்டில் கையின் அடிப்பாகம் செம்பு பளபளக்கும் அளவுக்கு வழிந்திருந்தது.

அந்தக் கையை அவள் ஆசிட்டில் அரித்து அச்சடித்தாள். ஓவியக்கூடத்தார் உடனே மாட்டினார்கள், பார்த்தவர்கள் யாருடைய கை என்று கேட்டார்கள், பக்கத்தில் கைத்தடியோடு நின்றவன் என் கை இல்லை என்று மட்டும் சொன்னான். பிறகு எத்தனையோ கைகள் விழுந்தன. தெருவுக்கு அதுவும் பழகிவிட்டது. நாத்தனார் தன் அறையில் ஒன்றை மாட்டி, அதற்குக் கீழே மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு பலகை அடித்துக்கொண்டாள். மெழுகக்கா இப்போது எல்லாவற்றையும் அச்சடிப்பதில்லை. காலையில் தைலம் தேய்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு அலமாரியைத் திறந்து பார்ப்பாள். கை மேலோட்டமாக, ரேகை மட்டும் விழுந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக மெழுகு பூசுவாள். ஆழமாக விழுந்திருந்தால் மறுநாள் கொஞ்சம் மெதுவாகத் தேய்ப்பாள்.